எழுபத்தைந்து மில்லி இறக்கம்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேல்வீட்டுக்காரர் வந்தார். மொட்டைமாடியில் ஓர் அறை கட்டப் போகிறாராம், அத்தானிடம் யோசனை கேட்க வேண்டுமாம். அத்தான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்:

"இவர்கிட்டயா? நல்ல ஆளப் பாத்தீங்க. இவரு கம்பி கட்டின பன்னெண்டு பால்கனியையும் இடிச்சுத் தள்ளினாங்க. தெரியாதா உங்களுக்கு?"

மேல்வீட்டுக்காரர் சிரித்தார். அத்தானும் சிரித்தார். நானும் சிரித்தேன். மூன்று பேரில் என் சிரிப்புதான் கடைசியாக நின்றது. (கொஞ்சம் அலங்காரமான வாக்கியம். ஆனால் நடந்தது அப்படித்தான்.)

வீடு திரும்பும் வழியில், இதை எழுதியே தீர்வது என்று முடிவெடுத்தேன். பதினோரு வருஷம் கழித்து.

அந்தப் பன்னிரண்டு பால்கனிகளும் இடிபட்டது என்னால். அத்தானால் இல்லை. இதைக் கடைசி வரை மறைத்து வைத்து வாசகரை இழுத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்தேன். பதினோரு வருஷம் மறைத்தது போதும் என்று பட்டது.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

"கான்கிரீட்டுக்கு அழுத்தத்தைத் தாங்கத் தெரியும், இழுவையைத் தாங்கத் தெரியாது. மனிதர்களும்—" (நிறுத்திவிட்டேன். கான்கிரீட்டை வைத்துத் தத்துவம் பேசினால் அத்தான் சிரிப்பார்.)

"அன்று காலையிலிருந்தே மழை—" (மழை இல்லை. நல்ல வெயில். கெட்டது எதுவும் நடப்பதற்கு முன்னால் மழை பெய்ய வைப்பது எனக்கு வெகுநாள் பழக்கம்.)

"எங்கள் எஞ்சினியர் கண்டிப்பானவர். அவர் சொல்லை மறுக்கும் நிலையில் நான்—" (இருப்பதிலேயே மோசமானது இதுதான். கதை தொடங்கும் முன்பே ஜாமீன் வாங்கப் பார்க்கிற வாக்கியம்.)

"நான் கம்பிப் படம் வரைகிறவள்."

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

3

நான் கம்பிப் படம் வரைகிறவள். ஒரு தளத்துக்கு எத்தனை கனம், எவ்வளவு கம்பி என்று எஞ்சினியர் கணக்குப் போட்டுத் தருவார். எந்தக் கம்பி எங்கே தொடங்கி, எங்கே மடங்கி, எங்கே முடிய வேண்டும் என்று படமாக வரைந்து சைட்டுக்கு அனுப்புவது என் வேலை. அதைப் பார்த்து வெட்டி, வளைத்து, கட்டுவது கம்பி மேஸ்திரியின் வேலை. அக்காவின் கணவர் கம்பி மேஸ்திரி. அவரிடம் ஆறு பேர் இருந்தார்கள். எங்கள் ஆபீஸ் எடுத்த அடுக்குமாடி வேலையில் அவரைச் சேர்த்துவிட்டது நான்தான். "எங்க அத்தான் மாதிரி கம்பி கட்ட ஆள் கிடையாது சார்" என்று எஞ்சினியரிடம் சொன்னேன். அது பொய் இல்லை.

தளத்தின் கனம் ஒரே மாதிரி இருந்தால் கம்பிப் படம் வரைவது கோலம் போடுகிற மாதிரிதான். கனம் மாறும் இடத்தில்தான் வம்பு. அந்தக் கட்டடத்தில் அறைத் தளம் இருநூறு மில்லிமீட்டர். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி நூற்றிருபத்தைந்து. அடிப்பக்கம் இரண்டும் ஒரே மட்டம். ஆக, மேற்பக்கம் அறையிலிருந்து பால்கனிக்கு எழுபத்தைந்து மில்லி, ஒரு படி மாதிரி, இறங்க வேண்டும். வெளியே விழும் தண்ணீர் உள்ளே வரக்கூடாது அல்லவா, அதற்காக.

பால்கனி என்பது ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் உள்ள பலகை. அதன் பாரம் முழுவதையும் மேலே ஓடும் கம்பிதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கம்பி பால்கனியிலிருந்து நேராக அறைத் தளத்துக்குள் போய், போதுமான நீளத்துக்கு உள்ளே புதைந்திருக்க வேண்டும். அறையின் மேல்கம்பி தனி. அது படி விளிம்பில் கீழே மடிந்து நின்றுவிட வேண்டும். மொத்தம் இரண்டு கம்பி.

நான் வரைந்தது ஒரே கம்பி. பால்கனியில் வந்து, படியில் ஏறி, அறைக்குள் தொடர்கிற மாதிரி, இரண்டு மடிப்போடு. படத்தில் பார்க்க அழகாக இருந்தது. ஆனால் மடித்த கம்பியை இரண்டு பக்கமும் இழுத்தால் அது நேராவதற்குத்தான் பார்க்கும். நேராகும்போது, படியின் உள்மூலையில் மேலே மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வரும்.

இது எனக்குத் தெரியாததல்ல. பழைய வேலை ஒன்றின் படத்திலிருந்து அந்தக் குறுக்குவெட்டுத் தோற்றத்தை நகலெடுத்தேன். அதில் இறக்கம் வெறும் இருபது மில்லி. அவ்வளவு சின்ன இறக்கத்துக்குக் கம்பியை நீளச் சாய்வாக வளைத்து விட்டால் பாதகமில்லை. நான் இருபது என்பதை எழுபத்தைந்தாக மாற்றினேன். எண்ணை மட்டும்.

(எங்கள் எஞ்சினியர் அதைப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். கையெழுத்துப் போட்டார். பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது. அவர் பங்கு அவருக்கு. இது என் கதை.)

4

இந்தப் பகுதியை எழுதாமல் தாண்டிப்போக ஐந்து முறை முயன்றேன்.

மூன்றாவது மாடிக்குக் கம்பி கட்டும்போது என்று ஒரு வரைவில் எழுதியிருந்தேன். இல்லை, முதல் மாடியிலேயே அவர் கூப்பிட்டுவிட்டார். பன்னிரண்டு பால்கனிகளில் ஒன்றுகூட அப்போது கட்டி முடிந்திருக்கவில்லை. மதியம் மூன்று மணி இருக்கும். ஆபீஸ் போன் அடித்தது.

"டிராயிங்கம்மாவா?" என்றார். அத்தான் என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அக்கா கல்யாணத்தின்போது நான் படம் வரையப் படித்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து.

"சொல்லுங்க அத்தான்."

"பால்கனி எறங்குற எடம் இருக்குல்ல, அதுல ஒரே கம்பிய மடிச்சு மேல ஏத்தச் சொல்லி இருக்கு. எனக்கு என்னமோ சரியாப் படல. ரெண்டா வெட்டி, பால்கனி கம்பிய நேரா உள்ள விட்டுடவா?"

"படத்துல இருக்கறபடியே கட்டுங்க அத்தான். செக் பண்ணித்தான் அனுப்பியிருக்கு."

"பாத்துட்டுத்தான் சொல்றியா?"

"ஆமா."

"சரி, அப்ப சரி" என்று வைத்துவிட்டார்.

நான் பார்க்கவில்லை. படம் எனக்குப் பின்னால் இருந்த அலமாரியில் சுருட்டி வைத்திருந்தது. எழுந்து இரண்டு எட்டு வைத்தால் கையில் வந்திருக்கும். என் மேஜையில் வேறொன்று விரிந்திருந்தது. என் முதல் சிறுகதையின் அச்சுப் பிழைத்திருத்தத் தாள்கள். ஒரு வாரப் பத்திரிகை அனுப்பியிருந்தது, சாயங்காலத்துக்குள் திருப்பித் தர வேண்டும். நாயகி அழுகிற ஒரு வாக்கியத்தில் கமா வேண்டுமா வேண்டாமா என்று அரை மணி நேரமாகக் குழம்பிக்கொண்டிருந்தேன்.

போனை வைத்துவிட்டு அந்தக் கமாவை எடுத்துவிட்டேன்.*

* அந்தக் கதையை யாரும் நினைவு வைத்திருக்கவில்லை. எனக்கே நாயகியின் பெயர் மறந்துவிட்டது.

5

முட்டுக்கொடுத்திருந்த கட்டைகளை எடுத்து, ஆட்கள் குடிவந்து நாலு மாதம் ஆகியிருந்தது. இரண்டாம் மாடியில் துணி காயப்போட வந்த ஒரு பெண், காலில் ஏதோ நெருடுகிறது என்று குனிந்து பார்த்தாள். படியோரமாகச் சிமெண்டுச் செதில். பெருக்கித் தள்ளினாள். மறுநாளும் செதில். மூன்றாம் நாள் படியின் உள்மூலையில் நகம் நுழையும் அளவுக்குப் பிளவு, சுவருக்குச் சுவர்.

முதல் வரைவில் இந்தப் பெண்ணைக் கொன்றுவிட்டேன். ஈரத்துணி வாளியோடு பால்கனி சரிகிறது, கீழே ஒரு செருப்பு மட்டும். நன்றாகத்தான் வந்திருந்தது. எழுதி முடித்ததும் எனக்கே அழுகை வந்தது. அழுது முடித்த பிறகுதான் புரிந்தது, நடக்காத சாவுக்கு அழுவது எவ்வளவு வசதி என்று. நடந்ததற்கு நான் அழவில்லை.

யாரும் சாகவில்லை. அந்தப் பெண் கெட்டிக்காரி. அக்கம்பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டிக் காட்டினாள். பன்னிரண்டில் ஒன்பதில் அதே பிளவு. பால்கனிக் கதவுகளையெல்லாம் பலகை அடித்து மூடினார்கள். பன்னிரண்டையும் இடிப்பது, விசாரணை நடத்துவது என்று முடிவானது.

6

எங்கள் எஞ்சினியர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். படம் அவர் மேஜையில் விரிந்திருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எழுத எளிதாக இருந்திருக்கும்.

"இத ரெண்டு கம்பியா மாத்திடும்மா" என்றார். "தேதி மாத்த வேண்டாம்."

"சார், சைட்ல ஒட்டியிருந்தது?"

"அது சிமெண்டுலயும் வெயில்லயும் எப்பவோ போயிடுச்சு. ஒப்பந்தக்காரர்கிட்ட இருந்த பிரதியையும் கேட்டு வாங்கிட்டேன்."

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"இங்க பதினாலு பேர் வேல பாக்குறோம். ஆபீஸ மூடினா பதினாலு வீடும்மா. உங்க அத்தானுக்கு என்ன, கை வேல தெரிஞ்ச மனுஷன். இங்க இல்லன்னா இன்னொரு சைட்டு."

(இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தைப் பேச வைத்துப் பார்த்தேன். "முடியாது சார்" என்றாள். உதடு துடித்தது. அறையை விட்டு விறுவிறுவென்று வெளியேறினாள். அந்தப் பக்கத்தைக் கிழித்துப்போட்டேன். அவள் யாரோ. எனக்கு அறிமுகமில்லை.)

நான், "சரி சார்" என்றேன். இருபது நிமிஷ வேலை. ஒரு கோட்டை அழித்து இரண்டு கோடு போட்டேன். பால்கனிக் கம்பியை நேராக உள்ளே விட்டு, நீளம் குறித்து, அறையின் கம்பியைக் கீழே மடித்து நிறுத்தினேன். மடிப்பின் அளவுகூட எழுதினேன். அதுவரை நான் வரைந்ததிலேயே ஒரு பிழையும் இல்லாத வெட்டுத் தோற்றம் அது.

7

விசாரணை ஒரு நீள அறையில் நடந்தது. நடத்தியவர் நரைத்த முடியைக் கிராப்பு வெட்டியிருந்த ஓர் அம்மாள், வெளியிலிருந்து வந்த பொறியாளர். எங்கள் எஞ்சினியர் ஒரு பக்கம். படச்சுருளைத் தூக்கிக்கொண்டு போனவள் என்கிற முறையில் நானும் அவருக்குப் பக்கத்தில். அத்தான் எதிரே. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். அக்கா தேய்த்துக் கொடுத்திருப்பாள்.

அந்த அம்மாள் படத்தை அத்தான் பக்கம் திருப்பி வைத்தார்.

"இதுல ரெண்டு கம்பி தெளிவா இருக்கே. நீங்க ஏன் ஒண்ணா மடிச்சீங்க?"

அத்தான் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம். பால்கனிக் கம்பி மேல் விரலை வைத்து, அது உள்ளே போய் முடிகிற இடம் வரை நகர்த்தினார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

(அந்தப் பார்வையில் கருணை இருந்தது என்று எழுதினேன். அடித்தேன். ஏமாற்றம் என்று எழுதினேன். அதையும் அடித்தேன். சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கிற மாதிரி பார்த்தார். அதற்கு மேல் எனக்குத் தெரியாது.)

"படம் புரியலன்னா யார்கிட்டயாவது கேட்டிருக்கலாமே. கேட்டீங்களா?"

"இல்லைங்க."

"ஏன் கேக்கல?"

"அவசரம்ங்க."

அந்த அம்மாள் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். மொத்தம் கால் மணி நேரம்கூட ஆகவில்லை.

வெளியே மாடிப்படியில் அத்தானைப் பிடித்தேன். என்ன சொல்வதென்று தெரியாமல், "அத்தான்" என்றேன்.

"எப்ப வரைஞ்ச?"

"முந்தாநாள்."

தலையை ஆட்டினார். "நல்லா வந்திருக்கு" என்றார். பிறகு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அவர் குத்திக்காட்டினாரா, மனசாரச் சொன்னாரா? இந்தக் கதையை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து இந்த ஓர் இடத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். நல்ல படத்தைப் பார்த்தால் நல்ல படம் என்று சொல்லாமல் இருக்க அவரால் முடியாது. அதுவும் எனக்குத் தெரியும்.

8

இன்னொரு சைட்டு கிடைக்கவில்லை. கம்பி கட்டும் உலகம் சின்னது. "பால்கனி மேஸ்திரி" என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஆறு பேரும் ஒவ்வொருவராக வேறு மேஸ்திரிகளிடம் போய்ச் சேர்ந்தார்கள். அத்தான் ஒரு ஹார்டுவேர் கடையில் சேர்ந்தார். கீல், தாழ்ப்பாள், ஆணி எடுத்துக் கொடுக்கிற வேலை. பதினோரு வருஷமாக அங்கேதான். அக்கா தையல் மெஷின் வாங்கிப் போட்டாள்.

நான் மறுவருஷம் ஆபீஸில் சரிபார்ப்பவளாக உயர்ந்தேன். மற்றவர்கள் வரைகிற படங்களில் "சரிபார்த்தது" என்ற கட்டத்துக்குள் இப்போது என் கையெழுத்துதான் போகிறது. ஒவ்வொரு கோட்டையும் பார்த்துத்தான் போடுகிறேன். இதைச் சொல்வதால் என்ன பயன் என்று தெரியவில்லை, ஆனாலும் சொல்கிறேன்.

அக்காவுக்கு இன்றுவரை எதுவும் தெரியாது. புருஷன் அவசரப்பட்டுத் தப்பாகக் கட்டிவிட்டார் என்றுதான் நம்புகிறாள். சண்டை வந்தால் கடைசியில் அங்கே வந்து நிற்பாள். "ஒரு கம்பிய ஒழுங்காக் கட்டத் தெரியல, எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டாரு." அவர் செய்தித்தாளைத் திருப்புவார். நான் அங்கே உட்கார்ந்து அவள் போட்டுக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டிருப்பேன். "நீயே சொல்லுடி, உனக்குத் தெரியாததா?" என்று என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுவாள். நான், "விடுக்கா, பழச எதுக்கு" என்பேன். பெருந்தன்மையாக.

9

யோசித்து வைத்திருந்த முடிவுகள்:

ஒன்று. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன். அவள் அறைகிறாள், பிறகு கட்டிக்கொள்கிறாள். (எனக்குத் தண்டனையும் மன்னிப்பும் ஒரே பத்தியில் கிடைத்துவிடுகிறது. மலிவு.)

இரண்டு. அக்காவுக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும். (இது எழுத்தாளர்கள் செய்கிற வித்தை. அவளுக்குத் தெரியாது. தெரிந்துகொண்டே அப்படிப் பேசுகிறவள் இல்லை என் அக்கா.)

மூன்று. அத்தான் என்னைக் காப்பாற்றுவதற்காகத் தன் பெயரையே கொடுத்த மகான் என்று தெரியவருகிறது. கதையை அவர் காலடியில் வைத்து முடிக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், மூன்றாவதற்காகத்தான் இந்தக் கதையையே எழுதத் தொடங்கினேன். எட்டுப் பகுதி வரைக்கும் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு போன வாரம் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

மத்தியானம், கடையில் கூட்டமில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பின்னால் முக்காலியில் உட்கார்ந்து படித்தார். நடுவில் ஒருவர் வந்து திருகாணி கேட்டார். எடுத்துக் கொடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். முடித்துவிட்டுத் தாள்களைத் தட்டிச் சீராக்கினார்.

"ஒம்பது பால்கனின்னு போட்டிருக்க. பத்துல விரிசல். அஞ்சாவது மாடிக்காரங்க அப்புறமாத்தான் சொன்னாங்க."

"சரி, மாத்திடறேன்."

(மாற்றவில்லை. மேலே ஒன்பது என்றே இருக்கிறது. நான் எவ்வளவு பார்த்து எழுதினேன் என்பது உங்களுக்கும் தெரியட்டும்.)

"உங்கக்கா பேச்ச ரொம்பக் கடுசா எழுதியிருக்க. அவ பேசுறப்போ அப்படி இருக்காது."

"அத்தான், அன்னைக்கு ஏன் என் பேரச் சொல்லல?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் காத்திருந்தேன். வாசகரே, உங்களிடம் மறைக்கமாட்டேன், கையில் பேனாவோடுதான் காத்திருந்தேன்.

"நீ நெனைக்கிற மாதிரில்லாம் ஒண்ணுமில்லம்மா. பயம். படம் அவங்க பக்கம் இருக்கு, பாத்தா சரியா இருக்கு. போன்ல கேட்டேன்னு நான் சொன்னா, நீ இல்லன்னுட்டா?"

"நான் அப்படிச் சொல்லியிருப்பேனா?"

அவர் என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

"தப்பாக் கட்டினான்னு பேரு வந்தாச்சு. பொய் சொல்றான்னும் சேர்த்து எதுக்கு? அதான் வாய மூடிட்டேன்."

"அக்காகிட்டயாவது சொல்லியிருக்கலாமே."

"சொல்லிருவேன். சொல்லிட்டு? அவளுக்குப் பொறந்த வீடுன்னு இருக்கறது நீ ஒருத்திதான. மாசம் ஒரு தடவ வர்றியே, அன்னைக்குக் காலைல எந்திரிச்சதுலேருந்து அவ எப்படி இருப்பான்னு நீ பாத்ததில்ல." தாள்களை என்னிடம் நீட்டினார். "நல்லா எழுதியிருக்க. ஆனா நான் இருக்கற வரைக்கும் இத அச்சுல போட்டுறாத. வேற ஒண்ணும் வேண்டாம் எனக்கு."

"போடமாட்டேன் அத்தான்."

"பாத்துட்டுத்தான் சொல்றியா?" என்று கேட்கவில்லை. கேட்டதாக எழுதினால் கதைக்கு எவ்வளவோ நன்றாக இருக்கும். அவர் ஒரு பெட்டி ஆணியை எடுத்துக்கொண்டு தராசுப் பக்கம் போய்விட்டார்.

10

அவர் மகான் இல்லை. தான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்த ஒரு மனிதர். அவரை மகானாக்கியிருந்தால், எனக்காகத்தான் செய்தார் என்று நினைத்து நான் நன்றியோடு இருந்துவிட்டுப் போயிருக்கலாம். நன்றி சுலபமானது. அந்த வாசலையும் அவர் சாத்திவிட்டார்.

இனி முடிவு. வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்தத் தாள்கள் என் அலமாரியை விட்டு வெளியே வரக்கூடாது. அப்படியிருக்க, நீங்கள் இதை அச்சில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. அத்தான் இப்போது இல்லை. அல்லது, இருக்கிறார், நான் மறுபடியும் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

எது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். என்னை எழுதச் சொல்லாதீர்கள். எழுதினால் முதலாவதைத்தான் எழுதுவேன். அதில் என் தப்பு குறைவு.